பஞ்சத்துக்கு ஆண்டி

எங்கள் அப்பத்தா வாசலில் காவி வேட்டியைக் கண்டால், அரிசி எடுக்க உள்ளே போகிறபோதே, "பஞ்சத்துக்கு ஆண்டியோ, பரம்பரை ஆண்டியோ" என்று முணுமுணுத்துக்கொண்டே போவாள். கேட்டுவிட்டு அரிசி போடாமல் இருந்ததில்லை. அரிசி போட்டுவிட்டு அந்தக் கேள்வியைக் கைவிட்டதுமில்லை. ஊரில் விளைச்சல் பொய்த்தால் காவி கட்டுகிறவர்கள் கூடுவார்கள் என்பது அவளுக்கு அவளுடைய அப்பத்தா சொல்லி வந்த கணக்கு. தாது வருஷப் பஞ்சத்தைப் பார்த்த தலைமுறையிடமிருந்து வந்த சந்தேகம் அது. இரக்கமின்மை என்று அதைச் சொல்லிவிட முடியாது.

இந்தப் பழமொழியின் இரண்டு பெட்டிகளிலும் அடங்காத ஒரு துறவியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அவர் பஞ்சத்துக்கு முன்பே ஆண்டி. பஞ்சமோ அவரைப் படியும் கணக்கு நோட்டும் ஏந்தவைத்து, கிட்டத்தட்ட ஒரு குடும்பஸ்தராகவே ஆக்கிவிட்டது. அவர் பெயர் சுவாமி அகண்டானந்தர், இடம் வங்காளத்தின் முர்ஷிதாபாத் மாவட்டம், ஆண்டு 1897.

ராமகிருஷ்ணரின் நேரடிச் சீடர்களில் அகண்டானந்தர் வயதில் இளையவர்களுள் ஒருவர். 1864-இல் கல்கத்தாவில் கங்காதர் என்ற பெயரோடு பிறந்தவர். குரு மறைந்தபின் இமயத்தைத் தாண்டித் திபெத் வரை நடந்தவர். அதன் பிறகு ராஜபுதனம், குஜராத் என்று அலைந்தபோது, ஜாம்நகரில் ஜண்டு பட் என்ற வைத்தியரின் வீட்டில் தங்கியிருந்தார். ஏழைகளுக்குக் காசு வாங்காமல் மருந்து கொடுத்தவர் அவர். (நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் தைலப் புட்டியில் ஒட்டியிருப்பது அவருடைய பெயர்தான், அந்த நிறுவனத்தைப் பின்னாளில் தொடங்கியவர் அவருடைய பேரன்.) "எனக்கு அரசும் வேண்டாம், சுவர்க்கமும் வேண்டாம், மறுபிறவி இல்லாத நிலையும் வேண்டாம், துன்பத்தில் வெந்த உயிர்களின் துயர் தீர்ந்தால் போதும்" என்னும் பொருள்பட்ட வடமொழிச் சுலோகம் அந்த வைத்தியரின் நாவில் எப்போதும் இருந்ததாக அகண்டானந்தர் நினைவுகூர்ந்திருக்கிறார். முக்தியைத் தேடி வீட்டை விட்டு வந்த ஓர் இளைஞன், முக்தியே வேண்டாம் என்று சொல்லும் இல்லறத்தானிடம் பாடம் கேட்ட விசித்திரம் எனக்குப் பிடிக்கும்.

அடுத்து அவர் போன இடம் ராஜபுதனத்துக் கேத்ரி சமஸ்தானம். அங்கே அரசரின் விருந்தினராகச் சுகமாக இருந்திருக்கலாம். ஆனால் குடிகளின் நிலை அவரை உறுத்தியது. என்ன செய்யலாம் என்று அமெரிக்காவிலிருந்த விவேகானந்தருக்கு எழுதிக் கேட்டார். 1894-இல் வந்த பதில் புகழ்பெற்றது: மாத்ருதேவோ பவ, பித்ருதேவோ பவ என்று படித்திருக்கிறாய், நான் சொல்கிறேன், தரித்ரதேவோ பவ, மூர்க்கதேவோ பவ. ஏழையும் எழுத்தறியாதவனும் உன் தெய்வமாகட்டும் என்பது அதன் பொருள். அதே கடிதத்தில், வீடு வீடாகப் போய் அவர்களுக்குச் சமயத்தோடு பூகோளமும் கற்பித்துக்கொடு என்றும் இருக்கிறது. 'பூகோளம்' என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1896-இல் பருவமழை தவறியது. புந்தேல்கண்டில் தொடங்கிய பஞ்சம் பின்னாளில் ஐக்கிய மாகாணங்கள் என்றான பகுதி, மத்திய மாகாணங்கள், பீகார், பம்பாய், நம் சென்னை மாகாணத்தின் வட மாவட்டங்கள் என்று பரவியது. வங்காளத்தில் எல்லா இடமும் ஒரே அளவில் காயவில்லை. ஆனால் நெல் விலை ஏறினால், விளைந்த ஊரிலும் கூலிக்காரன் பட்டினிதான். 1897-இன் வசந்தத்தில் அகண்டானந்தர், ராமகிருஷ்ணரின் சீடர்கள் அப்போது தங்கியிருந்த ஆலம்பஜார் மடத்தை விட்டு, கங்கைக் கரையோடு வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கினார். அவர் எந்த நிவாரணத்துக்கும் புறப்படவில்லை. வழக்கமான துறவி நடை அது. பிச்சை கிடைத்த ஊரில் உணவு, மரத்தடி கிடைத்த ஊரில் உறக்கம். பிளாசிப் போர்க்களத்தைக் கடந்து, தாத்பூர் என்ற ஊருக்கு வந்தார்.

அங்கே ஒரு முஸ்லிம் சிறுமி வழியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். உடுத்தியிருந்தது கந்தல். அவள் கொண்டுவந்த மண்குடம் உடைந்துபோயிருந்தது, வீட்டில் வேறு குடம் இல்லை, அம்மா அடிப்பாள். அகண்டானந்தரிடம் இருந்தது நான்கணா. கடைக்கு அழைத்துப்போய் அரையணாவுக்கு ஒரு குடமும், அரையணாவுக்கு அவலும் வாங்கிக்கொடுத்தார். அதற்குள் எலும்பும் தோலுமாகப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு சாப்பிட ஏதாவது கேட்டார்கள். மீதி மூன்றணாவும் அவலாகவும் பொரியாகவும் மாறி அந்தக் கைகளுக்குப் போயிற்று.

அணாக் கணக்கு மறந்துபோன தலைமுறைக்காகச் சொல்கிறேன்: மூன்றணா என்பது பன்னிரண்டு காலணா. பன்னிரண்டு பிள்ளைகள் என்றால் தலைக்கு ஒரு காலணா. ஒரு துறவியின் முழுச் சொத்தும் ஓர் ஊரின் ஒரு தெருவில், ஒரு வேளைக்குக்கூடப் போதாமல் தீர்ந்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் கருணையில் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்குப் படுவது வேறு. ஊர் கொடுக்கும் பிடி அரிசியில் வாழ்பவன் துறவி. ஊரிலேயே பிடி அரிசி இல்லையென்றால் துறவு என்ற ஏற்பாடே ஆட்டம் காணும். ஏந்த வேண்டிய கையை நீட்டிக் கொடுக்க வேண்டிய இடத்தில் அவர் அன்று நின்றார். இப்படி ஒரு நிலைக்கு எந்தச் சாத்திரத்திலும் தயாரான விதி இல்லை.

அங்கிருந்து அவர் பெல்டாங்கா, பாப்தா என்று நடந்தார். இன்று லால்கோலாவுக்குப் போகும் ரயில் தடத்தை வரைபடத்தில் பார்த்தால் பிளாசி, பெல்டாங்கா, பாப்தா, சார்காச்சி, பஹரம்பூர் என்று இந்த ஊர்கள் வரிசையாக நிற்கின்றன. அப்போது அந்த ரயில் இல்லை. மேலே போய்விட வேண்டும் என்று கிளம்பியபோதெல்லாம், "எங்கே போகிறாய், உனக்கு இங்கேதான் வேலை இருக்கிறது" என்று உள்ளிருந்து ஒரு குரல் தடுத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தக் குரல் யாருடையது என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. மஹுலா என்ற கிராமத்தில் நின்றார். நின்று மடத்துக்குக் கடிதம் எழுதினார். அந்த மே மாதம் 1-ஆம் தேதிதான் கல்கத்தாவில் ராமகிருஷ்ணரின் பக்தர் பலராம் போஸின் வீட்டில் ராமகிருஷ்ண மிஷன் ஒரு சங்கமாகத் தொடங்கப்பட்டிருந்தது. மடத்திலிருந்து கொஞ்சம் பணமும், சுவாமி நித்யானந்தர், பிரம்மச்சாரி சுரேஸ்வரானந்தர் என்ற இரண்டு துணைவர்களும் வந்து சேர்ந்தார்கள். மே 15-ஆம் தேதி மஹுலாவில் அரிசி கொடுக்கத் தொடங்கினார்கள். மிஷனின் முதல் நிவாரணப் பணி அதுதான். மிஷனுக்கு அப்போது வயது இரண்டு வாரம்.

மடத்தில் எல்லோரும் இதைக் கைதட்டி வரவேற்றார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சங்கம் தொடங்கிய நாட்களிலேயே, இதெல்லாம் மேல்நாட்டு வழி, நம் குருநாதர் இப்படியா சொல்லித் தந்தார் என்று, இன்னொரு நேரடிச் சீடரான சுவாமி யோகானந்தர் விவேகானந்தரிடம் நேராகவே கேட்டார். அது நியாயமான கேள்விதான். ராமகிருஷ்ணர் தியானத்தையும் பக்தியையும் பேசியவர். குளம் வெட்டுவதும் மருத்துவமனை கட்டுவதும் கடவுளைக் கண்டபிறகு என்று சொன்னவர். ஆனால் அதே ராமகிருஷ்ணர் 1868-இல் தம் புரவலர் மதுர்பாபுவோடு காசிக்குப் போகும் வழியில் தேவ்கரில் பட்டினி மக்களைக் கண்டு, இவர்களுக்குச் சோறும் துணியும் எண்ணெயும் கொடுத்தால்தான் மேலே வருவேன் என்று அவர்கள் நடுவில் உட்கார்ந்துவிட்டார். செலவுக்குத் தயங்கிய மதுர்பாபு கடைசியில் கல்கத்தாவிலிருந்து துணி வரவழைத்தார். குரு சொன்னதைப் பிடித்துக்கொள்வதா, குரு செய்ததைப் பிடித்துக்கொள்வதா என்பதுதான் அந்தச் சகோதரத் துறவிகளுக்கு நடுவிலிருந்த வழக்கு. 1897-இல் அதே தேவ்கரிலும் மிஷன் நிவாரணப் பணி நடத்தியது. அங்கே போனவர் சுவாமி விரஜானந்தர். தினாஜ்பூருக்குச் சுவாமி திரிகுணாதீதானந்தர் போனார்.

இனி அரசு என்ன செய்துகொண்டிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் துறவிகளை மட்டும் புகழ்வது நேர்மையாகாது. 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பஞ்சத்துக்குப் பிறகு, 1880-இல் ஒரு பஞ்சக் கமிஷன் அறிக்கை கொடுத்து, அதன்மேல் பஞ்ச விதித்தொகுப்பு உருவாகியிருந்தது. மண் வெட்டும் வேலை, கல் உடைக்கும் வேலையை அரசு தொடங்கும். குறைந்த கூலிக்கு அந்த வேலைக்கு ஆள் வந்தால் அந்த வட்டாரத்தில் பஞ்சம் இருக்கிறது என்று பொருள். நிற்கவும் முடியாதவர்களுக்கு இலவச உதவி. காகிதத்தில் இது மோசமான ஏற்பாடல்ல. தாது வருஷத்தில் அரசின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள் நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் என்று கூலியை வெட்டியதோடு ஒப்பிட்டால் முன்னேற்றம்தான். ஆனால் கல் உடைக்க வருகிறவன்தான் கணக்கில் வருவான். வீட்டுக்குள் கிடக்கும் கிழவியும், கணவன் செத்தபின் வெளியே வரக் கூச்சப்படும் பெண்ணும், தாத்பூர்ச் சிறுமியும் எந்தக் கல்லையும் உடைக்கப்போவதில்லை. 1897 ஜூன் 22-ஆம் தேதி விக்டோரியா மகாராணி பட்டமேறிய அறுபதாவது ஆண்டு விழா பேரரசெங்கும் கொண்டாடப்பட்டது என்பதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளலாம்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று குறுக்கே வருகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது கடலூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நான்கு நாள் அரிசி அளந்தேன். ஏற்பாடு செய்தவர்கள் நல்லவர்கள். ஆனால் ஒருவரே இரண்டு முறை வாங்கிவிடக் கூடாது என்பதற்காக ரேஷன் கார்டு நகல் இருந்தால்தான் டோக்கன் என்று விதி வைத்திருந்தார்கள். பட்டியல் எழுதும் மேசையில் நான். மூன்றாம் நாள் ஓர் அம்மா வரிசையில் முக்கால் மணிநேரம் நின்று வந்து, "தம்பி, கார்டே தண்ணில போயிடுச்சு, நகலுக்கு நான் எங்க போவேன்?" என்றார். விதியைச் சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டு, பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். அவர் போனபின் நானே ஒரு டோக்கனை எழுதி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். ஆளைக் காணவில்லை. அன்று நாங்கள் ஒருவர்கூட இரண்டு முறை வாங்காமல் பார்த்துக்கொண்டோம்.

மிஷனின் நிவாரணப் பணிகளில் பின்னாளில் வழக்கமாகிப்போன முறை, வரிசையை நம்பாமல் வாசலுக்குப் போவது: வீட்டுக்குள் போய் அடுப்பைப் பார்ப்பது, பானையைப் பார்ப்பது, சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு வருவது. இதைப் படித்த நாளில் அந்த அம்மாவின் மடித்த பைதான் நினைவுக்கு வந்தது. அடுப்பைப் பார்த்தால் கார்டு தேவையில்லை. ஆனால் அடுப்பைப் பார்க்க அந்த ஊரில் தங்க வேண்டும். சகோதரர்களுக்கு அது இயல்பாக வாய்த்தது. அவர்களுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. துறவு பஞ்ச காலத்தில் தந்த ஒரே நடைமுறைப் பயன் அதுதான் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

மாவட்ட மாஜிஸ்திரேட் லெவிஞ் மஹுலாவின் வேலையைப் பார்த்துவிட்டு ஆதரவாகவே நடந்துகொண்டார். ஜூன் 12-ஆம் தேதி அஸ்ஸாமில் மையங்கொண்ட பெருநிலநடுக்கம் வங்காளத்தையும் உலுக்கியது. மூன்று நாள் கழித்து, ஜூன் 15-ஆம் தேதி, இமயமலை ஊரான அல்மோராவிலிருந்து விவேகானந்தர் அகண்டானந்தருக்கு எழுதினார். உன்னைப் பற்றி விவரமாகக் கேள்விப்படுகிறேன், கேட்கக் கேட்க மகிழ்ச்சி கூடுகிறது, இப்படிப்பட்ட வேலைதான் உலகத்தை வெல்லும், உனக்கு நூறாயிரம் தழுவல்கள், வேலை செய், சாகும்வரை வேலை செய் என்று பொங்கி வழிகிறது அந்தக் கடிதம். ராமகிருஷ்ண மடத்தின் மேடைகளில் அடிக்கடி எடுத்துப் படிக்கப்படுவது இதுதான்.

அடுத்த கடிதத்தை அவ்வளவாகப் படிப்பதில்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை; ஜூலை 11-ஆம் தேதி, அதே அல்மோராவிலிருந்து, தம் சீடர் சுத்தானந்தருக்கு அவர் எழுதுகிறார்: அகண்டானந்தர் மஹுலாவில் அருமையாக உழைக்கிறார், சந்தேகமில்லை; ஆனால் முறை சரியில்லை. ஒரு சின்னக் கிராமத்தில் சக்தியையெல்லாம் கரைக்கிறார்கள், அதுவும் அரிசி போடுவதோடு சரி. தனக்குத் தானே உதவிக்கொள்ளக் கற்றுக்கொடுக்காவிட்டால், உலகத்துச் செல்வம் முழுவதையும் கொட்டினாலும் ஒரு சின்ன இந்தியக் கிராமத்தைக்கூடக் கரையேற்ற முடியாது. எத்தனை பிச்சைக்காரர்களுக்கு உதவினோம் என்ற கணக்குதான் வருகிறது, வேறொன்றும் காணோம். பல மாவட்டங்களில் மையம் திறக்கச் சொல் என்று முடிகிறது. பழைய கடிதத்தின் பூகோளம், அதாவது கற்பிக்கும் வேலை, திரும்பி வந்துவிட்டது.

இந்த இரண்டு கடிதங்களையும் அடுத்தடுத்துப் படித்தபோது முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. மலைமேல் குளிரில் ஓய்வெடுப்பவர், வெயிலில் அரிசி அளப்பவனுக்கு முறை சொல்லித் தருகிறாரே என்று. யோசித்தபோது கோபம் பாதி அடங்கியது. அவர் சொன்னது தவறில்லை. கடலூரில் நாங்கள் அளந்த அரிசி பொங்கல் வருமுன் தீர்ந்துபோயிருக்கும். ஆனால் அரிசியா கல்வியா என்ற இந்தக் கேள்வி பசித்தவனின் முன் நின்று கேட்கக்கூடியதல்ல; பசி தீர்ந்த மறுநாள் கேட்க வேண்டியது. பஞ்ச நிவாரணத்தில் பெரும்பாலானவர்கள் அந்த மறுநாளில்தான் ஊரை விட்டுப் போகிறார்கள். அரசின் கல் உடைக்கும் வேலையும் மழை பெய்ததும் மூடப்படும். நிதி திரட்டும் குழுக்கள் மீதிப் பணத்துக்குக் கணக்குக் காட்டிவிட்டுக் கலையும். நான் கலைந்தது ஐந்தாம் நாள்.

அகண்டானந்தர் கலையவில்லை. இந்த விமரிசனம் அவர் காதுக்கு எட்டியிருந்தாலும் சரி, எட்டாவிட்டாலும் சரி, அவர் செய்தது அதற்குப் பதிலாக அமைந்துவிட்டது: அந்த வட்டாரத்தையே தம் இடமாக்கிக்கொண்டார். பஞ்சம் விட்டுச்சென்ற அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு விடுதி தொடங்கினார். 1897 அக்டோபர் 10-ஆம் தேதி விவேகானந்தர் இந்த விடுதியைப் பற்றி அவருக்கு எழுதிய கடிதம், என் கண்ணில் முந்தைய இரண்டையும்விட உயர்ந்தது. இந்து, முஸ்லிம், கிறிஸ்துவர் யாராக இருந்தாலும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள். ஆனால் மெல்லத் தொடங்கு, உணவும் குடிநீரும் கொஞ்சம் தனித்தனியாக இருக்கும்படி பார்த்துக்கொள். எல்லோருக்கும் பொதுவான சமயக் கருத்துகளை மட்டும் சொல்லிக்கொடு. இந்தத் 'தனித்தனியாக' என்ற சொல் இன்று நம்மை நெருடும், நெருடவும் வேண்டும். ஆனால் 1897-இன் ஒரு வங்கக் கிராமத்தில் முஸ்லிம் பிள்ளையின் உறவினர்களும் இந்துப் பிள்ளையின் உறவினர்களும் விடுதியை நம்ப வேண்டுமென்றால் அடுப்பங்கரையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதை, மலைமேல் இருந்தவர் இந்த முறை சரியாகக் கணித்திருந்தார்.

விடுதி கொஞ்ச காலத்தில் சார்காச்சிப் பக்கம் நகர்ந்தது. வாடகைக் கட்டடத்தில் பல ஆண்டுகள் ஓடின. 1913-இல்தான் சொந்த நிலத்தில் ஆசிரமம் அமைந்தது. பிள்ளைகளுக்கு எழுத்தோடு நெசவும் தச்சும் தையலும் கற்றுக்கொடுக்கப்பட்டன. நடுவில் 1899-இல் பாகல்பூரில் கங்கை பெருகியபோது அங்கே போய்விட்டு, வேலை முடிந்ததும் இங்கேயே திரும்பினார். ஊர்க்காரர்கள் அவரை 'பாபா' என்றார்கள்.

1897 மார்ச் மாதத்தில்தான் இன்னொரு சகோதரர், ராமகிருஷ்ணானந்தர், சென்னைக்கு வந்து இறங்கியிருந்தார். மஹுலாவைப் போல அவருக்கு முன்னால் ஒரு பஞ்சம் வந்து நிற்கவில்லை. ஆனால் கோயம்புத்தூரில் ஒரு குடும்பத்தின் பெரியவர்கள் எல்லோரும் பிளேக்கில் செத்து, பிள்ளைகள் மட்டும் மிஞ்சியதைப் பார்த்தபின், 1905-இல் மயிலாப்பூரில் ஏழு பிள்ளைகளோடு மாணவர் இல்லம் தொடங்கியதற்கு அவரே காரணமானார். மயிலாப்பூரில் அந்த இல்லத்தைக் கடந்து போகிற பலருக்கு அதன் தொடக்கம் ஒரு தொற்றுநோயில் இருக்கிறது என்பது தெரியாது. எனக்கும் நெடுநாள் தெரிந்திருக்கவில்லை.

1934-இல் அகண்டானந்தர் ராமகிருஷ்ண மடம், மிஷன் இரண்டுக்கும் தலைவரானார். தலைமையிடம் கல்கத்தாவை அடுத்த பேலூர், ஆனால் அவர் பெரும்பாலும் சார்காச்சியிலேயே இருந்தார். அதே ஆண்டு ஜனவரியில் பீகாரை நிலநடுக்கம் தாக்கியபோது, எழுபதை நெருங்கிய உடம்போடு முங்கேர், பாகல்பூர் இடிபாடுகளை நேரில் போய்ப் பார்த்தார். 1937 பிப்ரவரி 7-ஆம் தேதி மறைந்தார். மஹுலாவில் அரிசி போட்ட வேலை ஏறத்தாழ ஓராண்டில் முடிந்துவிட்டது. அதற்குப் பின் அந்த வட்டாரத்தில் அவர் இருந்தது நாற்பது ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவு.

அப்பத்தா இருந்தால் அவரை எந்தப் பெட்டியில் போட்டிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். அநேகமாக, முணுமுணுத்துக்கொண்டே அரிசிப் பானையைத் திறந்திருப்பாள்.